சடப்பொருளின் மூன்று நிலைகளைக் கற்பிப்பது எப்படி: ஒழுங்கு, தேவையானவை, வழக்கமான பிழைகள்

ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு சொல்லிக்கொடுக்கப் போகும் புதிய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கையின் திருமலையில் (திருகோணமலையில்) பல வருடம் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் எடுக்கும்போது பின்வாங்கில் இருந்தும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் தடுக்குவது ஒரே இடத்தில். கரும்பலகையில் முதலில் வரைவிலக்கணம், அடுத்து துணிக்கைப் படம் (பொருளை ஆக்கியிருக்கும் மிகச் சிறிய துகள்களின் படம்), நேரம் மிஞ்சினால் செய்முறை. இதைத் தலைகீழாக்குங்கள். பிள்ளையின் கைக்கு முதலில் பொருள் வரட்டும், துணிக்கை என்ற பேச்சு பாதி வழியில் வரட்டும்.

மொத்தம் நான்கு பாடவேளை வேண்டும். முதல் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் நல்லது.

1. முதல்நாளே எடுத்து வைக்கவேண்டியவை

ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சுகள், இரண்டு பிள்ளைக்கு ஒன்றாக. பார்மசியில் புதிதாக வாங்குங்கள். பாவித்ததை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாம். மதுசார வெப்பமானி இரண்டு. இரச வெப்பமானி உடைந்தால் வகுப்பை நிறுத்திவிட்டு இரசம் பொறுக்க வேண்டிவரும், அது நஞ்சும்கூட. கண்ணாடி டம்ளர்கள், ஆழமான வாளி, மெழுகுதிரி, கற்பூரம், சிவப்புச் சாயம், கேத்தில், ஒரு காற்பந்து, காற்றடிக்கும் பம்ப், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு.

ஐஸ் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வெக்கையில் காலையில் கொண்டுபோன ஐஸ் மூன்றாம் பாடவேளைக்குத் தண்ணீராக நிற்கும். ரிஜிபோம் பெட்டியில் போட்டு, இடைவெளிகளைப் பத்திரிகைத் தாளால் அடைத்து, மூடியைத் தேவையில்லாமல் திறக்காமல் வைத்தால் மதியம்வரை தாங்கும்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஐஸையே கொண்டுபோங்கள். ஒருமுறை நேரமில்லாமல் மீன் விற்பவர் ஒருவரிடம் நொறுக்கிய ஐஸ் வாங்கிப் போனேன். வெப்பமானியை வைத்தால் பூச்சியத்தில் நிற்க வேண்டியது, அதற்குக் கீழே இரண்டு கோடு இறங்கி நின்றது. மீன்பெட்டியில் கிடந்த ஐஸ், உப்பு ஊறியிருந்தது. உப்புக் கலந்தால் உருகும் வெப்பநிலை குறையும் என்பது நல்ல பாடம்தான், ஆனால் அன்றைக்கு உரிய பாடம் இல்லை. மணம் வேறு. "சேர், இது திண்மமா, சூடை மீனா?" என்று ஒருவன் கேட்டான்.

2. சொற்களை உங்கள் அளவில் தீர்த்துக்கொள்ளுங்கள்

பிள்ளைகள் வீட்டில் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் பாதி தமிழ்நாட்டுக் காணொளிகள். அங்கே பருப்பொருள் என்பது எங்கள் புத்தகத்தில் சடப்பொருள். அங்கே அழுத்தம், இங்கே அமுக்கம். அங்கே பருமன், இங்கே கனவளவு. இதெல்லாம் பெரிய சிக்கல் இல்லை, சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

சிக்கல் 'நிறை' என்ற சொல்லில்தான். எங்கள் பாடநூலில் நிறை என்றால் புவி ஒரு பொருளை இழுக்கும் விசை, பொருளின் அளவு திணிவு. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பதே திணிவு, விசைக்கு அங்கே எடை. ஒரே சொல், இரண்டு கருத்து. பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு நிமிடம் எடுத்து இதைச் சொல்லிவிட்டால் பிறகு பரீட்சைத் தாளில் கண்ணீர் வராது.

3. பெயர் சொல்லாமல் பிரிக்கவிடுங்கள்

மேசையில் பத்துப் பொருள் வையுங்கள்: கல், தேங்காய் எண்ணெய், நிலாவெளிக் கடற்கரை மணல், சீனி, தேன், பஞ்சு, ஸ்பொஞ், பற்பசை, ஊதிய பலூன், தண்ணீர். திண்மம், திரவம் என்ற சொற்களைப் பாவிக்காமல், "ஒரே மாதிரி நடந்துகொள்வதை ஒன்றாக வையுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

சண்டை மணலில் தொடங்கும், தொடங்கவேண்டும். "சேர், மணல் ஊற்றலாம், டம்ளர் வடிவம் எடுக்குது. அப்ப அது தண்ணி மாதிரி." உடனே திருத்தப் போகாதீர்கள். மணலையும் தண்ணீரையும் இரண்டு தட்டில் ஊற்றச் சொல்லுங்கள். மணல் குவியும், உச்சி நிற்கும். தண்ணீர் குவியாது, மட்டமாகப் பரவும். பிறகு கைவில்லையால் ஒரே ஒரு மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மணி எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் தன் வடிவத்தை விடாது. ஊற்றுப்படுவது திண்மங்களின் கூட்டம், மணி ஒவ்வொன்றும் திண்மம். புல்மோட்டைக் கறுப்பு மணல் கிடைத்தால் இன்னும் நல்லது, மணிகள் மினுங்கும், பிள்ளைகள் வில்லையை விடமாட்டார்கள்.

ஸ்பொஞ்சை அமத்தினால் சுருங்குகிறதே என்பார்கள். தண்ணீருக்குள் வைத்து அமத்தச் சொல்லுங்கள். குமிழி வரும். சுருங்கியது ஸ்பொஞ்சுக்குள் இருந்த காற்றின் இடம்.

பற்பசையை ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். அது மூன்று பெட்டிக்குள் ஒழுங்காக அடங்காது. எல்லாவற்றையும் மூன்று பெட்டிக்குள் தள்ளிவிடலாம் என்று நாமே நடிக்கக்கூடாது.

4. காற்றையும் ஒரு பொருளாக ஏற்கவையுங்கள்

அதிகம் பேர் தாண்டிப்போகும் படி இது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குக் காற்று என்றால் 'ஒன்றுமில்லை', அல்லது வீசினால் மட்டும் இருப்பது. ஒன்றுமில்லாததற்கு எப்படி ஒரு நிலை இருக்கும்? இதைத் தீர்க்காமல் வாயுவுக்குப் போனால், பிள்ளை பாடமாக்கும், நம்பாது.

முதலில் இடம். டம்ளரின் அடியில் கடதாசியைக் கசக்கித் திணித்து, கவிழ்த்து, நேராக வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். எடுத்தால் கடதாசி ஈரமில்லை. சரிந்தால் குமிழி வெளியேறி எல்லாம் நனையும், ஆகவே முதல்முறை நீங்கள் செய்யுங்கள். இரண்டாம் முறை வேண்டுமென்றே சரித்துக் காட்டுங்கள். எது வெளியே போனதால் தண்ணீர் உள்ளே வந்தது என்று கேளுங்கள்.

அப்புறம் திணிவு. இங்கேதான் பலூனை வைத்து மானம் போகும். ஊதாத பலூன் ஒரு பக்கம், ஊதியது மறுபக்கம், ஈர்க்குத் தராசில் கட்டித் தொங்கவிடுவார்கள். கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியாது. காரணம் இருக்கிறது. ஊதிய பலூன் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அந்த இடத்துக் காற்றின் நிறை அளவுக்கு, சுற்றியுள்ள காற்று அதை மேலே தாங்குகிறது. மிஞ்சும் வித்தியாசம் பலூனுக்குள் நெருங்கிய கொஞ்சக் காற்றுடையது மட்டும்.

காற்பந்தை எடுங்கள். உருண்டை வடிவம் வந்து, ஆனால் மென்மையாக இருக்கும் நிலையில் நிறுத்து எண்ணை எழுதுங்கள். பிறகு கல்லுப்போல் வரும்வரை காற்றடித்துத் திரும்ப நிறுங்கள். பந்தின் பருமை அவ்வளவாக மாறாது, ஆகவே மேலே தாங்குவதும் மாறாது. தராசு சில கிராம் கூடக் காட்டும். ஒரு லீற்றர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். இந்த வகுப்பறை நிறைய எத்தனை கிலோ காற்று இருக்கும் என்று நீளம், அகலம், உயரம் அளந்து கணக்குப் போடவிடுங்கள். நூறு கிலோவைத் தாண்டும்போது வாய் திறந்தபடி இருப்பார்கள்.

5. சிரிஞ்சை அமத்தவிடுங்கள்

ஒரு சிரிஞ்சில் 10 மில்லிலீற்றர் காற்று. நுனியை விரலால் இறுக்கி மூடி, தண்டை அமத்துங்கள். ஐந்து வரைக்கும் போகும், விட்டால் திரும்பி வரும். மற்றதில் 10 மில்லிலீற்றர் தண்ணீர். எவ்வளவு அமத்தினாலும் அசையாது.

தண்ணீர்ச் சிரிஞ்சில் குமிழி நின்றால் முடிவு பிழைக்கும். நுனியை மேலே பிடித்து, தட்டி, குமிழியை வெளியேற்றிய பிறகே அமத்தவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், "எங்கட தண்ணியும் சுருங்குது சேர்" என்று நாலு குழு கை தூக்கும்.

இதைக் கையால் உணரவேண்டும். நீங்கள் முன்னால் நின்று செய்து காட்டினால் பாதிப் பயன்கூட இல்லை. அந்தத் தண்டு விரலைத் தள்ளும் உணர்வுதான் அடுத்த படிக்கு அடித்தளம்.

6. துணிக்கையை இப்போது கொண்டுவாருங்கள்

கேள்வியோடு தொடங்குங்கள்: காற்று சுருங்கியது, தண்ணீர் சுருங்கவில்லை. உள்ளே எப்படி இருந்தால் இப்படி நடக்கும்? புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லி, மூன்று சதுரம் போட்டு வரையவிடுங்கள். இந்தப் படங்களைச் சேகரித்து வையுங்கள். பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை.

நான் திரும்பத் திரும்பக் கண்ட பிழை, திரவத்துத் துணிக்கைகளைத் திண்மத்துக்கும் வாயுவுக்கும் நட்டநடுவில், பாதி இடைவெளியோடு வரைவது. ஆசிரியர்களும் கரும்பலகையில் அப்படித்தான் வரைகிறார்கள். அப்படி இடைவெளி இருந்தால் தண்ணீர்ச் சிரிஞ்சு சுருங்கியிருக்க வேண்டுமே? திரவத்தில் துணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டபடிதான் இருக்கின்றன. ஒழுங்கு குலைந்திருக்கிறது, இடம் மாறி நழுவ முடிகிறது, அவ்வளவே.

நெரிசலான கண்டி பஸ்ஸைச் சொல்வேன். யாரும் யாரையும் விட்டு விலகி நிற்க இடமில்லை, ஆனாலும் கொண்டக்டர் முன்னாலிருந்து பின்னால்வரை நழுவிப் போய்க் காசு வாங்கிவிடுகிறார். அதுதான் திரவம். காலைக் கூட்டத்தில் வரிசையாக நின்று நெளிவது திண்மம். இடைவேளை மணி அடித்ததும் மைதானம் வாயு.

அடுத்த பிழை, துணிக்கைகளுக்கு இடையில் 'காற்று' என்று எழுதுவது. "காற்றும் துணிக்கைதானே தம்பி, அந்தத் துணிக்கைகளுக்கு நடுவில் என்ன?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, "ஒன்றுமில்லை" என்று வரும். வரட்டும். அந்த வெறுமையை ஏற்பது பெரியவர்களுக்கே கடினம், அவசரப்படுத்த வேண்டாம்.

திண்மத்தில் துணிக்கை அசையாமல் நிற்கும் என்றும் எழுதுவார்கள். இடம் மாறாது, ஆனால் நின்ற இடத்திலேயே அதிரும். சூடாக்கினால் துணிக்கை பெருக்கும், உருகும் என்று சொன்னால் உடனே நிறுத்துங்கள். உருகுவது ஐஸ். தனித் துணிக்கை உருகாது, பெருக்காது, அதன் அசைவும் அடுக்கும்தான் மாறும்.

அசைவைக் காட்ட, அத்தர்ப் போத்தல் ஒன்றை முன்மூலையில் திறந்து, மணம் வந்ததும் கை தூக்கச் சொல்லலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் நீங்கள் காட்டுவது பரவல் இல்லை, காற்றோட்டம். சாம்பிராணியைப் பாவிக்க வேண்டாம். புகை வாயு இல்லை, காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய திண்ம, திரவத் துகள்கள்.

7. ஐஸ் உருகல்: வெப்பமானி நின்றுவிடும் இடம்

ஐஸ் எங்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே இதைப் பாடவேளையின் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் ஓடவிடுங்கள். 50 கிராம் அளவு நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவு தண்ணீர், வெப்பமானி, ஒரு பொறுப்பான பிள்ளை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கி, வாசித்து, எழுதவேண்டும். அதற்குள் நீங்கள் துணிக்கைப் படத்தை முடித்துவிடலாம். அளவைச் சரிபார்க்க வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். ஐஸ் கூடினால் மணி அடிக்கும்வரை உருகி முடியாது.

கலக்காவிட்டால் வெப்பமானி மூன்று, நாலு பாகை காட்டும். ஐஸ் பெரிய கட்டியாக இருந்தாலும் அதே பிழை.

பட்டியலை வரைபாக்கும்போது பிள்ளைகள் ஒன்றைக் காண்பார்கள். அறை 30 பாகைச் சூட்டில் இருக்க, ஐஸ் இருக்கும்வரை பூச்சியத்தை ஒட்டியே கோடு கிடையாகப் போகிறது. கடைசித் துண்டு மறைந்த பிறகுதான் ஏறுகிறது. வந்த வெப்பம் எங்கே போனது? அடுக்கைக் குலைக்கப் போனது. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பதிலை நாமே சொல்லிவிடும் ஆசை எல்லாருக்கும் உண்டு, எனக்கும்.

உருகுநிலை என்றால் எப்போதும் குளிர் என்று நினைப்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெய். அதன் உருகுநிலை 24 பாகை அளவில். திருமலையில் போத்தலில் திரவம், குளிரான மலையூர் நுவரெலியாவில் அதே போத்தலில் வெள்ளையாகக் கட்டி.

8. ஆவியாதலும் கொதித்தலும்: இரண்டையும் ஒரே நாளில் குழப்பாதீர்கள்

ஆவியாதலை முதலில் எடுங்கள். நிலாவெளி உப்பளத்தில் யாரும் கடல்நீரைக் கொதிக்க வைப்பதில்லை. வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் போகிறது, உப்பு மிஞ்சுகிறது. மேற்பரப்பில் இருக்கும் வேகமான துணிக்கைகள் தப்பிப் போகின்றன. இதற்கு 100 பாகை தேவையில்லை.

தட்டில் தண்ணீர் வைத்துக் காட்டுவதென்றால் காலம் பாருங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் அகலத் தட்டில் விரைவாக வற்றிவிடும். மாரியில் நாள்முழுக்க அப்படியே கிடக்கும், காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும். மாரியில் இந்தப் பாடம் வந்தால் கையின் பின்புறத்தில் ஒரு துளி சானிடைசர், ஒரு துளி தண்ணீர் தடவி, எது முதலில் காய்கிறது, எது குளிர்கிறது என்று பார்க்கவிடுங்கள்.

அப்புறம் கொதித்தல். பிள்ளைகளை ஒரு மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. நாங்கள் கடல்மட்டத்தில் இருப்பதால் 100 பாகையை ஒட்டி வாசிப்பு வரும். நுவரெலியாவில் 94 அளவில் கொதித்துவிடும், அங்கே வளிமண்டல அமுக்கம் குறைவு.

"குமிழிக்குள் என்ன?" என்று கேளுங்கள். காற்று என்பார்கள், ஒட்சிசன் என்பார்கள். சூடேறத் தொடங்கும்போது ஓரத்தில் ஒட்டும் சிறு குமிழிகள் கரைந்திருந்த காற்றுத்தான். ஆனால் கொந்தளிக்கும்போது அடியிலிருந்து எழும் பெரிய குமிழிகள் முழுக்க நீராவி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் இங்கே இழுப்பார்கள். அந்த ஏழு கிணறுகளின் நீரும் 40 பாகையைச் சுற்றியே இருக்கிறது. சூடு, ஆனால் கொதிப்பு இல்லை.

கேத்தில் மூக்கை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கின் வாயை ஒட்டி ஒரு சிறு இடைவெளி தெளிவாக, ஒன்றுமில்லாதது போல இருக்கும். அதற்கு அப்பால்தான் வெள்ளை. நீராவி அந்தத் தெரியாத இடைவெளியில் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து மீண்டும் திரவமாகிய சிறு துளிகள். வீட்டில் எல்லாரும் வெள்ளையைத்தான் ஆவி என்கிறோம், ஆகவே இந்தப் பிழை இலேசில் போகாது. எந்தப் பிள்ளையும் விரலை அந்த இடைவெளிக்குக் கொண்டுபோகக்கூடாது, வெள்ளையைவிட அங்கேதான் மோசமாகச் சுடும்.

ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1.7 லீற்றர். ஒரு தேக்கரண்டித் தண்ணீர், ஒரு வாளி நீராவி. இப்போது வாயுச் சதுரத்தில் நாலைந்து துணிக்கை மட்டும் வரைவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

9. ஒடுங்கல் (ஆவி திரும்பத் திரவமாதல்): "கிளாஸ் கசியுது"

ஐஸ்தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதைக் காட்டினால், "உள்ளுக்க இருந்து கசியுது" என்று குறைந்தது பத்துப் பேர் சொல்வார்கள். ஆகவே தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து, மூடிபோட்டு, தராசில் வையுங்கள். வெளித் துளி நிறமில்லாமல் இருக்கும். தராசு எண் குறையாது, நேரம் போகப்போக ஒன்றிரண்டு கிராம் கூடலாம். கசிந்திருந்தால் சிவப்பாக வந்திருக்கும், எண்ணும் கூடியிருக்காது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடற்கரை ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, சில நிமிடத்திலேயே துளி தெரியும்.

10. மெழுகும் கற்பூரமும்

மெழுகை உருக்கிச் சிறு தகரத்தில் விளிம்புவரை ஊற்றி, அசையாமல் அடுத்த நாள்வரை வையுங்கள். நடுவில் குழி விழும். மெழுகு திண்மமாகும்போது சுருங்குகிறது. தண்ணீர் மாறாகப் பெருக்கும், 100 மில்லிலீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 109 மில்லிலீற்றர் ஐஸ். பல பொருள்கள் மெழுகைப் போலத்தான், தண்ணீர் விதிவிலக்கு. ஐஸை மட்டும் காட்டினால் பிள்ளை விதியைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும்.

பதங்கமாதலுக்கு, அதாவது திண்மம் உருகாமல் நேரே வாயுவாவதற்கு, கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டுகிறார்கள். அது எரிதல், வேறு கதை. ஒரு கட்டியைத் திறந்த தட்டில் வைத்து, நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தட்டில் ஈரமே இராது, கட்டி சிறுக்கும்.

11. கட்டாயம் வரும் கேள்விகள்

நெருப்பு எந்த நிலை? சுடர் பெரும்பாலும் சூடான வாயுக்களும் ஒளிரும் கரித்துகள்களும் சேர்ந்தது, தனி நிலை இல்லை. நாலாவது நிலை உண்டா? பிளாஸ்மா உண்டு, சூரியனிலும் மின்னலிலும். இந்த வகுப்புக்கு அதற்குமேல் வேண்டாம். காஸ் சிலிண்டருக்குள் வாயுவா? அதற்கு ஒளி ஊடுருவும் லைட்டர் ஒன்றைத் தூக்கிக் காட்டுங்கள், உங்கள் கையிலேயே வைத்திருங்கள். உள்ளே ஆடுவது திரவம். அமுக்கத்தால் வாயுவை நெருக்கித் திரவமாக்கி வைத்திருக்கிறார்கள். சிரிஞ்சை நினைவுபடுத்தினால் மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

12. விளங்கியதா என்று பார்க்க

வரைவிலக்கணம் கேட்காதீர்கள், எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். ஆறாம் படியில் சேகரித்த படங்களைத் திருப்பிக் கொடுத்து, வேறு நிறப் பேனையால் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: கொடியில் போட்ட ஈரச்சட்டை காய்ந்துவிட்டது, தண்ணீர்த் துணிக்கைகள் இப்போது எங்கே?

"சூரியன் உறிஞ்சிட்டுது" என்று வந்தால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள். "இல்லாமப் போயிட்டுது" என்று வந்தால் நாலாம் படிக்கு, அந்தக் காற்பந்திடம். "எங்களைச் சுத்தித்தான் சேர், காத்தோட காத்தா" என்று ஒரு பிள்ளை சொன்னால், மற்றவர்களுக்கு விளக்கும் வேலையை அதனிடமே கொடுத்துவிட்டு நீங்கள் பின்வாங்கில் போய் இருங்கள்.